பிலோமினாவின் வாயும் தமயந்தியின் ஈரத் தலையும்

வேலூரில் பொய் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது தமயந்தியின் மேசைதான். வேலைக்குச் சேர வருகிறவர்கள் கொண்டுவரும் சான்றிதழ்கள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். பதினான்கு வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து, காகிதத்தைத் தொட்டதுமே தெரிந்துவிடும். முத்திரை ஒரு நூல் சாய்ந்திருந்தால் போதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது எந்த ஊர்ல அடிச்சது?" என்பாள். எதிரே நிற்கிறவனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிடும்.

அப்பேர்ப்பட்டவள் முப்பத்தெட்டு வயதில் ஒரு கல்யாணத்துக்குச் சரி என்றாள். மாப்பிள்ளை இளங்கீரன் கால்நடை மருத்துவர். அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி எல்லாக் காகிதங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அந்தச் சரி வந்தது. மனுஷர் நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை. "எந்த மாட்டுக்கு என்னிக்கு ஊசி போட்டேன்னு அந்த நோட்டும் இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாராம்.

முதல் தடவை பார்த்தபோது அவர் தயங்கித் தயங்கி, "உங்க முடி ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தார். தமயந்தி தன் வாழ்க்கையிலேயே சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே தகவல் அதுதான். வினையும் அங்கேதான் பிடித்தது. நல்லா இருக்கிற முடியை இன்னும் நல்லாக்க வேண்டும் என்று ஒரு டிரையர் வாங்கினாள். காலையில் தலைக்கு ஊற்றி, தண்ணீர் சொட்டச் சொட்ட, சூட்டை உச்சத்தில் வைத்து, துப்பாக்கியை வைக்கிற மாதிரி அதைத் தலையிலேயே அழுத்திப் பிடித்து, பத்து நிமிஷத்தில் காயவைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவாள். மூன்றே மாதம். இடுப்பு வரை வழிந்த முடி, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஆகிவிட்டது. நுனி எல்லாம் வெடிப்பு. சீப்பை வைத்தால் சீப்புதான் உடைந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் முன்னால் இந்த நாரோடு எப்படி நிற்பது? ஆபீசில் ஒரு தோழி சொன்னாள்: "சத்துவாச்சாரியில பிலோமினா அக்கா பார்லர் இருக்கு. கையா அது! கருகின முடி கூட அவங்க கைக்கு அடங்கிடும். வாயை மட்டும் கண்டுக்காத."

தமயந்திக்குக் கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்று தெரியாது. ஆனாலும் போனாள்.

பார்லரில் பிலோமினா, அவள் தங்கை லில்லி இரண்டு பேர்தான். லில்லி தலை அலசிவிடுவாள், புருவம் திருத்துவாள். டிரையரைத் தொட அவளுக்கு உரிமை கிடையாது. மூலை நாற்காலியில் குர்ஷித் அம்மா, தலை நிறைய மருதாணி அப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் அசையக் கூடாது. அதனால் பிலோமினாவுக்கு ஓடிப்போக முடியாத ஒரு ஆள் அங்கே ஏற்கெனவே கிடைத்திருந்தது.

சாயங்காலம் வரவேற்பு, மாப்பிள்ளை மாட்டு டாக்டர் என்பதையெல்லாம் லில்லி தலை அலசும்போதே கேட்டுப் பார்லர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் அலசிவிட்ட தலையைப் பிலோமினா கையில் வாங்கினாள். குள்ளமான உருவம், ஐம்பதைத் தாண்டிய வயது, கண்ணில் ஒரு கலெக்டருக்குரிய மிடுக்கு. முடியை இரண்டு விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"துண்டால பரபரன்னு தேய்ப்பீங்களோ?"

"ஆமா."

"அப்படியே கொதிக்கக் கொதிக்கக் காத்து?"

"ஆமா."

"முடியா மேடம் இது? அப்பளம் பொரிச்ச மாதிரி பொரிச்சு வச்சிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே ஒரு பழைய பருத்தி பனியனை எடுத்து, தேய்க்காமல், முடியைக் கொத்துக் கொத்தாக அதில் பொதிந்து பிழிந்தாள். அந்தக் கை அவ்வளவு மெத்தென்று இருந்தது. தமயந்தி கண்ணை மூடப் போனாள். அப்போதுதான் வாய் திறந்தது.

"பம்பாய்ல இருந்தப்ப ஒரு சேட்டம்மாவுக்கு நான்தான் தலை வாருவேன். ஒன்பது அடி முடி மேடம். இதே மாதிரி பனியன்லதான் ஒத்தி எடுத்தேன். நாப்பது பனியன் போதல. திருப்பூருக்குப் போன் போட்டேன், லாரியில வந்து இறங்குச்சு. அந்தத் தீபாவளிக்குத் தமிழ்நாட்டுல ஒரு ஆம்பளைக்கும் புது பனியன் கிடைக்கலையே, ஞாபகம் இருக்கா?"

"போன வாரம் பெங்களூர்னு சொன்ன" என்றார் குர்ஷித் அம்மா மூலையிலிருந்து.

"பம்பாய்க்கு எந்த வழியா போறதாம்?" என்றாள் பிலோமினா.

"நாப்பது பனியனுக்கு எதுக்கு லாரி?" என்றாள் தமயந்தி. வாயை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"நாப்பது போதலைன்னுதானே சொன்னேன்? கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி நல்லாக் கேக்கணும் மேடம்" என்ற பிலோமினா, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தாள். ஒரு முடி கூட இழுபடவில்லை. பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, "முக்கால்வாசி தானா காயட்டும். சொட்டச் சொட்ட இருக்கிற தலைக்கு டிரையர் காட்டுறது பச்சைக் குழந்தைக்கு மிளகாய் ஊட்டுற மாதிரி" என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு மறுபடி நாற்காலி. பிலோமினா உள்ளங்கையில் இரண்டே சொட்டு சீரம் விட்டுத் தேய்த்து, வேரில் படாமல் நடுவிலிருந்து நுனி வரைக்கும் தடவினாள்.

"சூடு நேரா முடியைத் தொடாம இது நடுவுல நிக்கும். ரெண்டு சொட்டுக்கு மேல தாங்காது மேடம். ராணிப்பேட்டையில ஒரு பொண்ணுக்கு மூணு சொட்டு விட்டுட்டேன். மாலை போட்டாங்க, வழுக்கிக் கீழ விழுந்துச்சு. மாப்பிள்ளை தாலி கட்டறாரு, முடிச்சு நிக்கல. மூணு முடிச்சுக்கு முப்பத்தாறு முடிச்சு போட்டாரு. அன்னிக்கு அந்தப் பொண்ணு குளிச்ச தண்ணி போய்ப் பாலாத்துல கலந்துச்சு பாருங்க..."

"பாலாத்துல தண்ணி எங்க இருக்கு?" தமயந்தி பிடித்துக்கொண்டாள். முத்திரை சாய்ந்திருந்தது.

"அதைத்தான் சொல்ல வரேன்! சீரம் கலந்ததும் ஆத்துல இருந்த தண்ணி பூரா வழுக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா கடலுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பாலாத்துல எதுவும் நிக்கலையே!"

குர்ஷித் அம்மா தலையில் இருந்த உறையைச் சரிசெய்துகொண்டார். "நாங்க மழை இல்லைன்னு நெனச்சோம்" என்றார்.

பிலோமினா தலையை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். டிரையரின் வாயில் தட்டையான மூக்கை மாட்டினாள். சூடு நடுத்தரம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்று வேரிலிருந்து நுனியை நோக்கியே போகும்படி, ஓரிடத்திலும் நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தமயந்தி கண்ணாடியில் கவனித்தாள். வாயில் ஒரு சொல் கூட உண்மை இல்லை. கையில் ஒரு அசைவு கூடப் பொய் இல்லை. ஒரே ஆளிடம் அசலும் போலியும் சேர்ந்திருப்பதை அவள் ஆபீசில் பார்த்ததே கிடையாது.

"ஒரு சாண் தள்ளிப் புடிக்கணும் மேடம். அது உங்களை மாதிரி சாதாரண முடிக்கு. சிலருக்கு ரொம்ப மெல்லிசு, பக்கத்துலயே போக முடியாது. அப்படி ஒரு பொண்ணு வந்தா. ஒரு அடி தள்ளிப் பார்த்தேன், முடி சுருங்குது. தெருவுக்கு அந்தாண்ட நின்னு பார்த்தேன், சுருங்குது. கடைசியில அந்தப் பொண்ணைக் காட்பாடி ரயில்வே பிளாட்பாரத்துல உக்காரவச்சிட்டு, நான் சத்துவாச்சாரி மலை உச்சியில ஏறி நின்னு போட்டேன் பாருங்க டிரையரை! கொஞ்சம் குறி தப்பிடுச்சு. பிளாட்பாரத்துல நின்ன ரயிலு மேல பட்டு, டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்காரு, ரயிலு அது பாட்டுக்குக் கிளம்பி ஜோலார்பேட்டைக்கு இருபது நிமிஷம் முன்னாடியே போயிடுச்சு."

"டிரைவர் இல்லாம ரயில் போனதைக் கூட நம்பிடலாம்" என்றார் குர்ஷித் அம்மா. "முன்னாடியே போச்சுன்னியே, அதைத்தான் தாங்க முடியல."

"மலை உச்சியில பிளக் எங்க இருந்துச்சு?" என்றாள் தமயந்தி.

"நீங்க ரொம்பக் கேள்வி கேக்குறீங்க மேடம்" என்று பிலோமினா வலப்பக்கத்தை முடித்தாள். முடித்ததும் டிரையரில் ஒரு பொத்தானை அழுத்தினாள். குளிர்ந்த காற்று வந்தது. அந்தப் பக்கத்து முடி ஒரு தடவை சிலிர்த்து அடங்கிப் பளபளவென்று விழுந்தது. தமயந்தி தன் தலைதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கடைசியில குளிர் காத்து. இதைத்தான் ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. திறந்து கெடக்கிற முடியை மூடி வைக்கிறது இதுதான். ஆனா இந்தப் பொத்தானை ரொம்ப நேரம் அழுத்தக் கூடாது மேடம். ஒரு தடவை மே மாசம், கத்திரி வெயில், நம்ம வேலூர் வெயில் தெரியுமில்ல, கல்லு உருகுற வெயில். நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் குளிர் காத்து போட்டேன். விரல் பொத்தான்ல மாட்டிக்கிச்சு. அரை மணி நேரம்! வெளியில வந்து பார்த்தா கோட்டை அகழி பாறையா உறைஞ்சு கெடக்கு. ஆடுங்க அது மேல நடந்து போகுது. ஜனங்க போர்வையைப் போத்திக்கிட்டு நிக்குது. குளிர் தாங்காம கலெக்டரு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டாரு. வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க!"

தமயந்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மே மாசமா?"

"மே மாசம்தான். சத்தியமா."

"மே மாசம் முழுசா பள்ளிக்கூடம் லீவுதானே? மூடியிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்க லீவு விடுறாரு?"

பிலோமினாவின் வாய் திறந்தது, மூடியது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளை இப்படி நேருக்கு நேர் பிடித்ததில்லை. முகம் சின்னதாகிவிட்டது. டிரையரை மறுபடி சூட்டுக்கு மாற்றி இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

தமயந்திக்குப் பரம திருப்தி. போலி ஒன்றைப் பிடித்துச் சிவப்பு மையில் கோடு போட்ட திருப்தி. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் இடது காதுக்கு மேலே சுரீர் என்றது. அப்புறம் ஒரு வாசனை. மூன்று மாதமாக அவள் குளியலறையில் வந்துகொண்டிருந்த அதே வாசனை.

"ஐயோ! கருகுது!"

லில்லி பாய்ந்து வந்து அக்காவின் கையைத் தள்ளினாள். பிலோமினா திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். கை ஒரே இடத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. ஒரு சின்னக் கொத்து, ஏழெட்டு முடி, சுருண்டு கிடந்தது.

லில்லி தமயந்தியின் காதருகே குனிந்தாள். "ஏன் மேடம் அக்காவைப் பேச விடாம பண்ணீங்க? அது வாய் ஓடினாத்தான் கை ஓடும். வாய் நின்னா கையும் நின்னுடும். பல்லு புடுங்கிட்டு வந்த அன்னிக்கு வாய்ல பஞ்சு வச்சிருந்துச்சு. அன்னிக்கு வந்த டீச்சர் இன்னிக்கு வரைக்கும் முன்னாடி முடி இல்லாமதான் கிளாஸ் எடுக்குறாங்க."

"வேற யாராவது போட முடியாதா?"

"நான் புருவம் மட்டும்தான் மேடம்."

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கம் பட்டு, இடப்பக்கம் ஈர நார். இப்படியே எழுந்துபோனால் மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

தமயந்தி தொண்டையைச் செருமினாள். "அப்புறம் என்னாச்சுக்கா? அந்த ஆடுங்க?"

"ஒண்ணும் ஆகல மேடம்" என்றாள் பிலோமினா தரையைப் பார்த்தபடி. "ஆடெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணு முடி காஞ்சுச்சு. வீட்டுக்குப் போயிட்டா."

கை மறுபடி தயங்கியது. உண்மை இவ்வளவு ஆபத்தானது என்று தமயந்திக்கு அதுவரை தெரியாது. பதறிப்போய்க் குர்ஷித் அம்மாவைப் பார்த்தாள். அவர் தன்னாலான உதவியைச் செய்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வழுக்கை. அதனால வீட்டுல டிரையரே வாங்கல."

அதுவும் உண்மை. டிரையர் ஓரங்குலம் கூட நகரவில்லை. தலை சூடேறியது.

வேறு வழி தெரியவில்லை. தமயந்தி பதினான்கு வருஷத்து நேர்மையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க... எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. ஆரணியில. அவங்களுக்கு முடி ரொம்ப நீளம்."

பிலோமினா நிமிரவில்லை. "எவ்ளோ?"

"ரெண்டரை அடி."

பிலோமினா மூக்கால் ஒரு சத்தம் செய்தாள். அது எட்டாம் வகுப்புப் பையன் வரைந்த முத்திரையைப் பார்த்துத் தமயந்தி ஆபீசில் செய்யும் அதே சத்தம்.

தமயந்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டரை அடிங்கறது தரையைத் தொட்டதுக்கு அப்புறம், வாசப்படி வரைக்கும். அதுக்கு மேல அளக்க டேப் இல்ல. அவங்க ஆரணியில தலைக்கு ஊத்தினா, நுனி போளூர்ல காயும்."

கை நகர்ந்தது. மெதுவாகத்தான். ஆனால் நகர்ந்தது.

"டிரையர் போடுவாங்களா?" என்றாள் பிலோமினா.

"போடுவாங்களே! மாமாதான் போடுவாரு. டிரையரைக் கையில எடுத்துக்கிட்டுக் கட்டுச்சோத்தோட கிளம்புவாரு. வேர்லேர்ந்து நுனிக்கு நடந்து போய்ச் சேர மூணு நாள். ஓரிடத்துல நிக்கக் கூடாதில்ல, அதனால நடந்துக்கிட்டேதான் சாப்பிடுவாரு. திரும்பி வந்து பார்த்தா அதுக்குள்ள இன்னும் ரெண்டு ஊருக்கு வளர்ந்திருக்கும்."

"மருமகளே!" என்றார் குர்ஷித் அம்மா. யாருடைய மருமகள் என்று சொல்லவில்லை. குரலில் மரியாதை இருந்தது.

கை இப்போது தாளத்துக்கு வந்துவிட்டது. தமயந்திக்கும் உள்ளே ஏதோ அவிழ்ந்துகொண்டது. பதினான்கு வருஷமாகக் கண்டுபிடித்த பொய்யெல்லாம் வீணாகவில்லை, எங்கேயோ சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

"ஆனா மாமா சூட்டை உச்சத்துல வச்சிட்டாரு. அதனால நுனி வெடிச்சிடுச்சு. திருவண்ணாமலையில ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு கிளை செங்கத்துக்கும் ஒரு கிளை திண்டிவனத்துக்கும் போயிடுச்சு. ராத்திரி, பகல்னு இல்லாம லாரிக்காரங்க அதைத் தார் ரோடுன்னு நெனச்சு மாறி மாறிப் போக ஆரம்பிச்சாங்க. செங்கத்துக்குப் போற வெங்காயம் பூரா திண்டிவனத்துல இறங்குது. கடைசியில பிரியுற இடத்துல கைகாட்டிப் பலகை நட்டாங்க. 'இடது கிளை திண்டிவனம், வலது கிளை செங்கம், வகிடு ஆரணி'ன்னு."

பிலோமினா டிரையரை ஆட்டியபடியே கண்ணாடியில் தமயந்தியை உற்றுப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தோற்றவள் முகம் இல்லை அது. தன் சந்தையில் இன்னொருத்தி கடை போட்டதைப் பார்த்த வியாபாரியின் முகம்.

"அந்த நுனியை வெட்டினது யாருன்னு நெனக்கிறீங்க?"

"யாரு?"

"என்னைத் தவிர யாரு மேடம்? எனக்குத் தந்தி வந்துச்சு. கத்திரி போதாதுன்னு கரும்பாலைக்குப் போய் மெஷினைக் கொண்டு வந்தேன். செங்கம் கிளையை நான் புடிச்சிக்கிட்டேன், திண்டிவனம் கிளையை ஊர் ஜனம் புடிச்சிக்கிச்சு. வெட்டினதும் ஆரணியில உங்க அத்தைக்குத் தலை லேசாயிடுச்சு. ஒரு எவ்வு எவ்வி வேலிக்கு அந்தாண்ட போய் நின்னாங்க. உங்க மாமா அழுதுட்டாரு. இனிமே நடக்க வேணாம்ல!"

அதற்குப் பிறகு பிலோமினாவை நிறுத்த ஆள் இல்லை. வெட்டிய முடியைத் திரித்துக் கப்பல் கட்டியது, அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தையே இழுத்துக்கொண்டு இரண்டு அடி நகர்ந்தது, அதைத் திருப்பி வைக்கச் சேட்டம்மாவின் ஒன்பது அடி முடியை இரவல் வாங்கியது என்று வாய் ஓட, கை ஓட, இடப்பக்கமும் பட்டாக இறங்கியது. கருகிய ஏழெட்டு முடியை நுனிக் கத்திரியால் பார்க்காமலே கத்தரித்தாள். கடைசியாகக் குளிர் காற்றுப் பொத்தான். தமயந்தி தன்னையறியாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நான்கரை மணிக்கு எழுந்து நின்றாள். திரும்பினால் முடியும் கூடவே திரும்பியது, ஒரு நொடி தாமதித்து, சோம்பலாக. மூன்று மாதத்துக்கு முன்னால் இளங்கீரன் பார்த்தது இதைத்தான். குர்ஷித் அம்மா எட்டிப் பார்த்து, "மாஷா அல்லா. அந்த டாக்டரு இனிமே மாடு பக்கமே போக மாட்டாரு" என்றார்.

வாசல் வரை போன தமயந்தி நின்றாள். பதினான்கு வருஷப் பழக்கம் லேசில் விடாது. இவ்வளவு நன்றாகத் தலை வாரிவிட்டவளிடம் ஒரு போலியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. செருப்பை மாட்டாமலே திரும்பி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். தப்பா நெனச்சுக்காதீங்க. ஆரணியில எனக்கு அத்தை யாரும் கிடையாது."

பிலோமினா டிரையரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். மெல்லத் தலையை ஆட்டினாள். கண் கூடக் கலங்கிவிட்டது.

"தெரியும் மேடம். போன மாசம்தான் தவறிட்டாங்க. சாவுக்கு நானும் வந்திருந்தேனே, நீங்கதான் கவனிக்கல."